மூட்டு வீங்கிய குழந்தையின் கண்ணையும் கவனியுங்கள்

தாம்பரத்தை அடுத்த முடிச்சூர், அகரம்தென், வேங்கைவாசல் போன்ற ஊர்களில் நான்கு வயதுக் குழந்தை ஒன்று காலையில் நொண்டிக்கொண்டு எழுந்தால், விளையாடும்பொழுது விழுந்திருக்கும் என்று பெற்றோர் எண்ணுவது இயல்பே. பொழுது ஏற ஏற நடை சீர்ப்படுவதால் அவ்வெண்ணம் மேலும் உறுதிப்படுகிறது. ஆனால் முழங்கால் வீக்கம் ஆறு வாரங்களுக்கு மேல் நீடிக்குமாயின், அது குழந்தைப் பருவ மூட்டுவாதமாக இருக்கக்கூடும்.

மூட்டுவாதம் முதியோருக்கு மட்டுமே உரியதன்று. பதினாறு வயதுக்குள் தோன்றும் இந்நோயைப் பற்றி லண்டன் மருத்துவர் ஜார்ஜ் பிரடெரிக் ஸ்டில் 1897ஆம் ஆண்டிலேயே விரிவாக எழுதினார். இந்நோயுற்ற குழந்தையின் கண்ணும் கெடுவதை 1910இல் ஜெர்மானியக் கண் மருத்துவர் ஓம் எடுத்துக்காட்டினார்.

மூட்டுக்கும் கண்ணுக்கும் என்ன தொடர்பு என்னும் கேள்வி எழலாம். நோய்க்கிருமிகளை எதிர்க்க வேண்டிய உடலின் காவற்சக்தி, இந்நோயில் தன் உடலையே தாக்குகிறது. மூட்டின் உட்சவ்வு அழற்சியுறுவதுபோலவே கண்ணின் உட்பகுதியும் அழற்சியுறுகிறது. இதற்கு யுவியைட்டிஸ் என்று பெயர்.

இதன் கொடுமை, இது ஓசையின்றி வருவதேயாகும். கண் சிவப்பதில்லை, வலிப்பதுமில்லை. நெற்பயிரில் தண்டினுள் புகுந்த குருத்துப்பூச்சியை உழவர் அறிவர். வெண்கதிர் வெளியே தெரியும்பொழுது அந்தத் தண்டு கைவிட்டுப் போயிருக்கும். அதுபோல, பாவை கோணலாகி, கருவிழியில் வெண்பட்டை தோன்றிய பின்னரே பெற்றோர் விழித்துக்கொள்கின்றனர். அதற்குள் கண்புரையும், கண்ணின் உள்ளழுத்தம் மிகும் கிளாக்கோமாவும் தோன்றிப் பார்வை குன்றிவிடக்கூடும்.

வீங்கிய மூட்டுகள் ஓரிரண்டே என்று ஆறுதல் கொள்ளலாகாது. நான்கு அல்லது அதற்குக் குறைவான மூட்டுகள் மட்டும் பாதிக்கப்பட்ட, ஏழு வயதுக்குள் நோய் தொடங்கிய, இரத்தத்தில் ஏ.என்.ஏ. என்னும் அடையாளம் காணப்பட்ட குழந்தைகளுக்கே கண் நோய் அபாயம் மிகுதி. பெண் குழந்தைகளிடம் இது கூடுதலாகக் காணப்படுகிறது. மூட்டு வீக்கம் வடிந்த பின்னும் கண்ணில் அழற்சி தொடரக்கூடும் என்பதை மறத்தல் ஆகாது. குதிகாலும் இடுப்பும் வலிக்கும் வளர்ந்த சிறுவர்களுக்கோ, கண் திடீரெனச் சிவந்து வலிக்கும். அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

ஸ்லிட் லாம்ப் என்னும் ஒளிக்கீற்றுக் கருவியால் பார்த்தாலன்றி இந்நோய் புலப்படாது. மூட்டுவாதம் என்று தெரிந்தவுடனே முதற் சோதனை நடைபெற வேண்டும். அபாயம் மிகுந்த குழந்தைகளுக்கு முதல் நான்கு ஆண்டுகள் மூன்று மாதத்திற்கு ஒருமுறையும், ஏனையோருக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டுக்கு ஒருமுறையும் சோதனை தேவை.

அழற்சியைத் தணிக்க ஸ்டீராய்டு சொட்டு மருந்தும், பாவை ஒட்டிக்கொள்ளாதிருக்க அதை விரிக்கும் மருந்தும் தரப்படுகின்றன. போதாதபோது மெத்தோட்ரெக்ஸேட், அடாலிமுமாப் ஆகியவை பயன்படுகின்றன. ஸ்டீராய்டு சொட்டு மருந்தை அளவின்றி விட்டால் அதுவே கண்புரைக்கும் உள்ளழுத்தத்திற்கும் காரணமாகும். ஆதலால் தாமாக வாங்கி விடுவதும், தாமாக நிறுத்துவதும் கூடா. இலைச்சாறும் தாய்ப்பாலும் கண்ணில் விடலாகாது.

சிகிச்சைக்கு வெகுதொலைவு செல்ல வேண்டியதில்லை. 1931 முதல் தாம்பரத்தையும் எழும்பூரையும் மின்சார ரயில் இணைக்கிறது. 1819இல் தொடங்கப்பெற்ற அரசினர் கண் மருத்துவமனையும், அரசினர் குழந்தைகள் நல மருத்துவமனையும் எழும்பூரிலேயே உள்ளன.

பஞ்சாயத்து உறுப்பினர்கள் ஆற்றக்கூடிய பணியும் உண்டு. 2013இல் தொடங்கிய ராஷ்ட்ரீய பால ஸ்வாஸ்திய காரியக்ரம் என்னும் திட்டத்தின்படி மருத்துவக் குழு அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இருமுறையும், அரசுப் பள்ளிகளுக்கு ஒருமுறையும் வருதல் வேண்டும். அந்நாளில் நொண்டும் குழந்தை எதுவும் விடுபடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். கூலி வேலையை இழக்க அஞ்சி மூன்று மாதச் சோதனையைத் தள்ளிப்போடும் தாய்க்கு எடுத்துச் சொல்லி, வேண்டின் துணைக்கு ஒருவரை அனுப்புங்கள். ஒரு நாள் கூலியை ஈட்டிக்கொள்ளலாம். இழந்த பார்வையை மீட்பது அரிது.