இரண்டங்குல வீராங்கனை



டிசம்பர் மாதம் வந்துவிட்டால் வைக்கோலும் காகிதப் பாறையும் கொண்டு நாம் அமைக்கும் பாலன் குடிலையும், நவராத்திரி நாட்களில் அண்டை வீடுகளில் அடுக்கப்படும் கொலுவையும் நீங்கள் அறிவீர்கள். மதுரையை அடுத்த விளாச்சேரியில் இவ்விரண்டுக்கும் உரிய பொம்மைகளை ஒரே தொழிலாளரே செய்கின்றனர். சிறு உருவங்களைக் கொண்டு ஒரு நிகழ்ச்சியைக் கண்முன் நிறுத்தும் இக்கலையின் ஒரு பிரிவை மேனாட்டார் ‘டயோரமா’ என்பர். நாம் காட்சிப்பெட்டி என்று வழங்குவோம்.

பள்ளி வரலாற்றுக் கண்காட்சிக்குப் பலரும் கடையில் விற்கும் பிளாஸ்டிக் சிப்பாய்களை வாங்கி, அட்டைக் கோட்டையைச் சுற்றி நிறுத்திவிடுவது வழக்கம். அச்சிப்பாய்கள் பெரும்பாலும் மேனாட்டுப் படையினரின் சாயலில் வார்க்கப்பட்டவர்கள். அவர்களுள் ஒருவனை எடுத்து, வெட்டி, ஒட்டி, வண்ணந்தீட்டி, நம் இனத்துப் பெண்ணொருத்தியாக மாற்றுவது எவ்வாறு என்பதே இப்பாடம். அப்பெண், இந்திய தேசிய இராணுவத்தின் ஜான்சி ராணிப் படையைச் சேர்ந்தவள்.

யார் இவர்கள்?

1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. 1943 ஜூலையில் அங்கு வந்து சேர்ந்த நேதாஜி சுபாஷ் சந்திர போஸ், பெண்களுக்கென ஒரு படை வேண்டும் என்று அறைகூவல் விடுத்தார். சென்னையில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, சிங்கப்பூரில் மருத்துவராயிருந்த லட்சுமி சுவாமிநாதன் அப்படைக்குத் தலைமை ஏற்றார். 1943 அக்டோபர் 22ஆம் நாள் சிங்கப்பூர் வாட்டர்லூ தெருவில் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது.

படையில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் மலாயாவில் வாழ்ந்த தமிழ்ப் பெண்கள். வசதியான வீட்டுப் பெண்களும் இருந்தனர். இரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டிப் பிழைத்த குடும்பத்துப் பெண்களும் இருந்தனர். திருச்சி, தஞ்சை, புதுக்கோட்டை, இராமநாதபுரச் சீமைகளிலிருந்து கப்பலேறிப் போன கூலிக் குடும்பங்கள் எத்தனையோ! அவர்களுடைய பெண்மக்கள் பலர், தாங்கள் ஒருமுறையும் கண்டிராத இந்திய நாட்டின் விடுதலைக்காகத் துப்பாக்கி ஏந்தினார்கள்.

கோலாலம்பூரில் பிறந்த ஜானகி தேவர் பதினெட்டு வயதில் படையில் சேர்ந்து, அதிகாரியாக உயர்ந்தார். இலங்கைத் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்த ராசம்மா பூபாலன் பிற்காலத்தில் ஆசிரியையாகவும் பெண்கள் பள்ளித் தலைமையாசிரியையாகவும் விளங்கினார். இவர்களை வரலாறு அறியும். தோட்டத்துப் பெண்களில் மிகப் பலருடைய முகமும் பெயரும் எந்தப் பாடநூலிலும் இல்லை. நாம் செய்யப்போகும் உருவம் அவர்களுக்கு உரியது. ஆகவே கருத்தோடு செய்தல் வேண்டும்.

முதலில் நாளைக் குறியுங்கள்

கத்தரிக்கோலை எடுக்குமுன் காலண்டரை எடுங்கள். எந்த நாளின் காட்சி என்று முடிவு செய்யாமல் ஒரு பொத்தானைக்கூட வரைய இயலாது. 1943 ஜூலை 12ஆம் நாள் நேதாஜிக்கு அணிவகுப்பு மரியாதை அளித்த முதல் இருபது பெண்கள், சேலை உடுத்தியே கனத்த துப்பாக்கியை ஏந்தி நின்றனர். அக்டோபரில் முகாம் திறந்தபின் காக்கிச் சீருடை வந்தது. 1945 ஏப்ரல் இறுதியில் இரங்கூனை விட்டுப் பின்வாங்கியபோது, அவர்கள் பகலில் விமானங்களுக்கு அஞ்சி மறைந்தும், இரவில் நடந்தும் சேற்றையும் ஆறுகளையும் கடந்தனர். நேதாஜியும் அவர்களோடு நடந்தார். அதே பெண், அதே படை. ஆனால் மூன்று நாட்களுக்கு மூன்று உடை, மூன்று நிறம்!

மற்றொன்றையும் நினைவிற் கொள்க. இப்படை போர்முனையில் பாய்ந்து தாக்கியதாக வரலாறு இல்லை. பயிற்சி, காவல், பர்மாவில் காயமுற்றோர்க்குப் பணிவிடை, பின்னர் அந்தக் கொடிய பின்வாங்கல் ஆகியவையே அவர்கள் கண்ட போர். எனவே குண்டு வெடிப்பதும் எதிரி வீழ்வதுமான காட்சி வேண்டா. முகாமில் புதிதாகச் சீருடை அணிந்து, துப்பாக்கியை ஊன்றி நிமிர்ந்து நிற்கும் ஒரு பெண் போதும். நாள்: 1943ஆம் ஆண்டின் இறுதி.

கணக்குப் போடுங்கள்

சிறிய சிப்பாய்களுக்கு 54 மில்லிமீட்டர் என்பது புகழ்பெற்ற உயரம். 1893இல் இலண்டனில் வில்லியம் பிரிட்டன் நிறுவனம் உள்ளீடற்ற ஈயச் சிப்பாய்களை வார்க்கத் தொடங்கியபின் இவ்வளவு உலகெங்கும் பரவியது. ஈயம் நச்சுப் பொருள். எங்கேனும் பழைய ஈயப் பொம்மை கிடைத்தால் அதைச் சுரண்டாதீர்கள். நமக்குப் பிளாஸ்டிக்கே ஏற்றது.

54 மி.மீ. உருவம் ஏறத்தாழ 32இல் ஒரு பங்கு. 54ஐ 32ஆல் பெருக்கினால் 1728 மி.மீ., அதாவது 5 அடி 8 அங்குலம் வருகிறது. நம் பெண் 5 அடி உயரமே என்று கொள்வோம். 1524ஐ 32ஆல் வகுத்தால் 48 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு, இரண்டங்குலமும் நிறையவில்லை. ஆக, கடைச் சிப்பாய் 6 மி.மீ. குறைய வேண்டும்.

இனித் துப்பாக்கி. அக்காலத்து .303 லீ-என்பீல்டு ரைபிளின் நீளம் 1132 மி.மீ.; எடை ஏறக்குறைய 4 கிலோ. 32ஆல் வகுத்தால் 35 மி.மீ. நம் உருவத்தின் உயரத்தில் முக்கால் பங்கு! ரைபிளைத் தரையில் ஊன்றினால் குழலின் நுனி அவள் மார்பளவுக்கு வந்துவிடும். அவள் எவ்வளவு பெரிய சுமையை ஏற்றாள் என்பதை எந்தச் சொற்பொழிவும் வேண்டாமல் இந்த ஒரு கணக்கே காட்டிவிடுகிறது. உருவத்தைக் குறைக்காமல் விட்டிருந்தால் இவ்வுண்மை மறைந்துபோயிருக்கும்.

உருவத்தை மாற்றுதல்

ஓடுவதும் சுடுவதுமான சிப்பாய்களை விட்டு, நேராக நிற்கும் ஒருவனைத் தேர்ந்தெடுங்கள். சோப்பு நீரில் கழுவி உலர்த்துங்கள். பிளேடு வேலையைப் பெரியவர் ஒருவர் துணையோடு, மரப்பலகைமேல் வைத்துச் செய்க. முழங்காலுக்குக் கீழ் 3 மி.மீ.யும் இடுப்பில் 3 மி.மீ.யும் வெட்டி நீக்குங்கள். வெட்டிய இரு பகுதிகளிலும் ஊசியால் துளையிட்டு, குண்டூசித் துண்டைச் செருகி இணைத்தால் பிடிப்பு உறுதியாகும். இடைவெளியை எம்-சீல் கொண்டு நிரப்புக. எம்-சீலின் இரு பகுதிகளையும் பிசைந்தபின் அரைமணி நேரத்திற்குள் வடிவம் கொடுத்துவிட வேண்டும். பின்பு ஒருநாள் முழுதும் ஆறவிட வேண்டும். பிசையும்போது கையுறை அணிக.

தோளின் அகலத்தை இருபுறமும் சிறிது சீவுங்கள். தலைக்கவசத்தைச் சீவியெடுத்து, படகு கவிழ்ந்தாற்போன்ற துணித்தொப்பியை எம்-சீலால் ஒரு பக்கம் சாய்த்து வையுங்கள். சட்டை மடிப்புகளை ஈர நுனியுள்ள பல்குத்தும் குச்சியால் கோடிழுத்து அமைக்கலாம். துப்பாக்கியின் மரக்கட்டைக்கு மூங்கில் குச்சியும், குழலுக்கு மெல்லிய கம்பியும், தோள்வாருக்குக் காகிதக் கீற்றும் போதும்.

நிற்கும் பாங்கைப் பற்றி ஒரு சொல். நம் குன்றாண்டார்கோவிலில் பல்லவர் காலத்துக் குடைவரைக்கு முன்னே தேர்போல் எழுப்பப்பட்டுள்ள மண்டபத்தைப் பார்த்திருக்கிறீர்கள். கல் ஓடாது. ஆயினும் சக்கரத்தையும், முன்கால் தூக்கி இழுக்கும் குதிரைகளையும் கண்டவுடன் மண்டபமே உருள்வதுபோல் தோன்றுகிறதன்றோ? உயிர் முகத்தில் மட்டும் இல்லை. உடலின் சாய்விலும் காலின் ஊன்றலிலும் இருக்கிறது. நம் வீராங்கனையின் குதிகால்கள் சேர்ந்திருக்கட்டும். முதுகு நேராகவும் தாடை சற்று உயர்ந்தும் இருக்கட்டும். அதுவே அவள் கதையைச் சொல்லிவிடும்.

வண்ணந்தீட்டுதல்

மெல்லிய வெண்சாம்பல் நிறத்தில் அடிப்பூச்சுப் பூசிக் காயவிட்டபின், அக்ரிலிக் வண்ணங்களைப் பயன்படுத்துக. ஒரே தடவையில் தடிப்பாக அப்பாமல், நீர் கலந்து இரண்டு மூன்று முறை மெல்லப் பூச வேண்டும்.

முதலில் மேனி. கடையில் ‘தோல் நிறம்’ என்று விற்கும் வண்ணம் பெரும்பாலும் இளஞ்சிவப்பு. அது யாருடைய தோல்? வெயிலில் நின்று இரப்பர் மரம் வெட்டிய தமிழ்ப் பெண்ணுடையதன்று. செங்காவியும் மஞ்சட்காவியும் கலந்து, ஒரு துளி கருநீலம் சேர்த்து, உங்கள் புறங்கையின் அருகே வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். கன்னத்திலும் மூக்கின் நுனியிலும் சற்று வெளிர். தாடையின் கீழும் கழுத்திலும் சற்று ஆழ்ந்த நிறம். கறுப்பாகத் தீட்டினால் அழகு குறையும் என்று எண்ணி வெளுப்பாக்குவது, அவளை இரண்டாம் முறை மறைப்பதாகும்.

கண்ணைப் பற்றிக் கவலை வேண்டா. 32இல் ஒரு பங்கு உருவத்தை ஓரடி தூரத்தில் பார்ப்பது, உண்மைப் பெண்ணை 32 அடி தூரத்தில் பார்ப்பதற்கு ஒப்பாகும். அத்தனை தூரத்தில் கண்ணின் வெள்ளை தெரியுமா? மெல்லிய கருங்கோடு ஒன்று போதும். வெள்ளையிட்டுக் கருமணி வைத்தால் திடுக்கிட்டு விழித்தவள்போல் ஆகிவிடுவாள்.

அடுத்துச் சீருடை. ‘காக்கி’ என்பது ‘காக்’ என்னும் பாரசீகச் சொல்லிலிருந்து வந்தது. ‘காக்’ என்றால் புழுதி. மஞ்சட்காவி, பழுப்பு, வெள்ளை மூன்றையும் கலந்தால் அந்நிறம் கிட்டும். தூரத்துப் பொருள் வெளிறித் தோன்றுமாதலால் வெள்ளை சற்று மிகட்டும். காய்ந்தபின், நீர்த்த பழுப்பு வண்ணத்தை மேலே ஓடவிட்டால் அது மடிப்புகளில் தங்கி நிழலாகும். பின்னர் ஏறக்குறைய உலர்ந்த தூரிகையால் வெளிர்காக்கியை மேடான இடங்களில் மட்டும் தடவுக. அவள் நிற்பது 1943ஆம் ஆண்டில்; ஆகவே துணி புதியது, பூட்ஸ் துடைத்தது. சேறும் கிழிசலும் 1945க்கு உரியவை.

சின்னங்களையும் பட்டைகளையும் பற்றி ஒரு விதி: புகைப்படத்தில் தெளிவாகக் கண்டதை வரையுங்கள், ஐயமிருந்தால் வெறுமையாக விடுங்கள். வெற்றிடம் பார்ப்பவரை ஏமாற்றாது. கற்பனைப் பதக்கம் ஏமாற்றும்.

நிலமும் பெயரட்டையும்

அடித்தளத்திற்கு நம்மூர்ச் செம்மண்ணைத் துணியில் சலித்து, பெவிகால் பூசிய அட்டைமேல் தூவுங்கள். மலாயாத் தோட்டங்களின் மண்ணும் செம்மண்ணே. பின்னணியில் இரண்டு குச்சிகளை நட்டு, சாய்வான வெட்டுக்கோடும் அடியில் ஒரு சிறு கிண்ணமும் வைத்தால் அவை இரப்பர் மரங்கள். முகாமில் அவை இல்லாவிடினும், அவள் எங்கிருந்து வந்தாள் என்பதைக் காட்டத் தனித் திரைபோலப் பின்னே நிறுத்தலாம். அதைப் பெயரட்டையிலும் குறிப்பிடுக.

அந்த அட்டையில் என்ன எழுதுவது? ‘கேப்டன் லட்சுமி’ என்று எழுத வேண்டா. அவருடைய முகத்தை உலகம் அறியும். அவருடைய புகைப்படமே நமக்குப் போதும். 1945இல் பின்வாங்கும் வழியில் இரயில் தாக்கப்பட்டபோது ஸ்டெல்லா, ஜோசபின் என்னும் இரு பெண்கள் உயிர்நீத்தனர். நம் வகுப்பறைகளில் நாள்தோறும் ஒலிக்கும் பெயர்கள்! ஆயினும் நாம் செய்த முகத்திற்கு அவர்கள் பெயரையும் சூட்டலாகாது. கற்பனைப் பெயரும் கூடாது. இவ்வாறு எழுதுங்கள்:

“ஜான்சி ராணிப் படை வீராங்கனை, சிங்கப்பூர், 1943. மலாயாத் தமிழ்ப் பெண். பின்னே இருப்பது அவள் விட்டுவந்த தோட்டம்.”

மாணவியரே, பெரிய சிலை எழுப்ப அரசும் பொருளும் வேண்டும். இரண்டங்குல உருவத்திற்கு ஒரு தூரிகையும், ஓர் அளவுகோலும், உண்மையின்மேல் பற்றும் போதும். கண்காட்சிக்கு வரும் சிறுமி ஒருத்தி அப்பெட்டியின்முன் குனிந்து, “அக்கா, துப்பாக்கி இவ்வளவு பெரிதாயிருக்கிறதே!” என்று கேட்பாளாயின், அளவுகோலை அவள் கையில் கொடுத்து அந்தக் கணக்கை அவளையே போடச் சொல்லுங்கள்.