மூளைக் கட்டி: அறிக்கையில் எதைப் பார்க்க வேண்டும்?

மூளைக் கட்டி என்று சந்தேகம் வந்தால் நாகர்கோவில், திருநெல்வேலிப் பக்கத்து உறவினர்கள் பலர் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்ராவுக்கு வருகிறார்கள். 1976-இல் மருத்துவமனையாகத் தொடங்கி, 1980-இல் பாராளுமன்றச் சட்டத்தின் மூலம் தேசிய முக்கியத்துவம் பெற்ற நிலையம் அது. மலையாளம் அறிந்தவர்கள் என்று நம்மைத் துணைக்கு அழைக்கிறார்கள். சீட்டு எடுத்துத் தருகிறோம். ஆனால் பயாப்ஸி அறிக்கையை நீட்டி, "இதில் என்ன போட்டிருக்கிறது?" என்று கேட்டால் விழிக்கிறோம்.

நான் மருத்துவன் அல்லன். ரயில்வேயில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். படித்து அறிந்ததை என் தொழில் மொழியிலேயே சொல்கிறேன்.

தண்டவாளத்தை ஒலி அலைக் கருவியால் சோதிப்போம். வெளியே ஒன்றுபோல் இருக்கும் இரண்டு தண்டவாளங்களில் ஒன்றுக்கு உள்ளே குறை இருக்கும். அதன் தன்மையைப் பொறுத்து 'ஐ.எம்.ஆர்.' என்று குறித்தால் உடனே மாற்ற வேண்டும், 'ஓ.பி.எஸ்.' என்றால் கண்காணித்து வரவேண்டும். குறியைப் பார்த்துத்தான் வேலை.

மூளைக் கட்டியிலும் அப்படித்தான். மெனிஞ்சியோமா போன்றவை பெரும்பாலும் சாதுவானவை. கிளியோமா என்ற வகையில்தான் சிக்கல். முன்பு நுண்ணோக்கியில் செல்லின் தோற்றத்தைப் பார்த்தே 1 முதல் 4 வரை தரம் பிரித்தார்கள். ஒரே தரம் என்று எழுதப்பட்ட இருவரில் ஒருவர் பல ஆண்டுகள் வாழ்வார். மற்றவர் சீக்கிரம் மறைவார். காரணம் மரபணுவில் இருந்தது. ஆகவே 2016-இல் உலக சுகாதார நிறுவனம் மரபணுக் குறிகளையும் வகைப்பாட்டில் சேர்த்தது. 2021-இல் அவற்றுக்கு மேலும் இடம் தந்தது.

அறிக்கையில் மூன்று குறிகளைத் தேடுங்கள்.

ஐ.டி.எச்.: இதில் மாற்றம் இருந்தால் கட்டி பொதுவாக மெதுவாக வளரும். மாற்றம் உள்ள கட்டியை இப்போது கிளியோபிளாஸ்டோமா என்று அழைப்பதில்லை.

1பி-19கியூ: இந்த இரண்டு குரோமோசோம் பகுதிகளும் இழக்கப்பட்டிருந்தால் மருந்து நன்கு வேலை செய்யும். 2013-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், இத்தகையோர் கதிர் சிகிச்சை மட்டும் பெற்றபோது இடைநிலை ஆயுள் 7.3 ஆண்டுகள், மருந்தும் சேர்ந்தபோது 14.7 ஆண்டுகள்.

எம்.ஜி.எம்.டி.: டெமோசோலமைட் மருந்து கட்டிச் செல்லின் மரபணுவைச் சேதப்படுத்துகிறது. எம்.ஜி.எம்.டி. என்ற புரதம், கேங்மேன் பாதையைச் செப்பனிடுவதுபோல், அதைச் சரிசெய்துவிடும். 'மெத்திலேஷன் உண்டு' என்று அறிக்கை சொன்னால் கேங்மேன் வேலைக்கு வரவில்லை என்று பொருள், மருந்து பலிக்கும். முதிய நோயாளிக்கு மருந்தா, கதிரா என்று தீர்மானிக்கவும் இது உதவுகிறது.

இடைநிலை ஆயுள் என்றால் என்ன? பாதிப் பேர் அதற்கு முன்பும், பாதிப் பேர் அதற்குப் பின்பும் என்று பொருள். அது நம் வீட்டுக்காரருக்குக் குறித்த தேதி அன்று. 2005-இல் வெளியான கிளியோபிளாஸ்டோமா ஆய்வில், கதிருடன் டெமோசோலமைட் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 14.6 மாதம்தான். ஆயினும் அவர்களில் நூற்றுக்கு 26 பேர் இரண்டு ஆண்டுகளைக் கடந்தார்கள். வயது, உடல்நிலை, கட்டி எவ்வளவு அகற்றப்பட்டது என்பவையும் கணக்கில் சேரும்.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை:

1. இந்தக் குறிகளைச் சோதித்தாயிற்றா?
2. முடிவு வந்தால் சிகிச்சை மாறுமா?
3. உடனே தொடங்க வேண்டுமா, கண்காணிக்கலாமா?
4. சிகிச்சையால் பேச்சு, நினைவு, நடை பாதிக்குமா?
5. மெழுகில் பதித்த திசுவை வேறிடத்துச் சோதனைக்குப் பெற முடியுமா?

இன்னொன்று. நம் குடும்பங்களில் நோயாளிக்குத் தெரியாமல் நான்கு பேர் வராந்தாவில் நின்று முடிவெடுக்கும் வழக்கம் இருக்கிறது. அன்பினால்தான் செய்கிறோம். ஆனால் மூளைக் கட்டியில் பின்னாளில் பேச்சும் சிந்தனையும் குறையக்கூடும். அவர் தெளிவாக இருக்கும்போதே, எவ்வளவு சிகிச்சை வேண்டும், எதை இழக்கச் சம்மதம் என்று அவரிடமே கேளுங்கள். துணைக்குப் போகும் நாம் அந்தப் பேச்சைத் தொடங்கி வைத்தால் அதுவே பெரிய உதவி.