பாட்டிலுக்குள் கடல், பகல் இரண்டு மணி வெயில்

மைசூரிலிருந்து எந்தப் பக்கம் கிளம்பினாலும் கடலைப் பார்க்க அரை நாள் ஆகிவிடும். மங்களூருக்கு மலை இறங்க வேண்டும், கோழிக்கோட்டுக்கு வயநாட்டைத் தாண்ட வேண்டும். ஆனாலும் ஏப்ரல் பிறந்துவிட்டால் ஊரின் சென்ட் கடைகளில் அலமாரி முழுக்க ஒரே நீலம்தான். அக்வா, மரீன், ஓஷன் என்று பெயர் எழுதி அலைப் படம் போட்ட பாட்டில்கள். வெயிலில் வெந்து உள்ளே வருகிறவர் கை தானாக அந்தப் பக்கம் போகும்.

என் கையும் போயிற்று. குளிரூட்டிய கடையில் அட்டைத்துண்டில் அடித்துக் காட்டினார்கள். ஜில்லென்று இருந்தது, வாங்கிவிட்டேன். மே மாதம் சென்னையில் ஒரு கல்யாணம். கிளம்பும்போது நான்கு முறை அடித்துக்கொண்டு மண்டபத்துக்குள் நுழைந்தேன். முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த அத்தை மூக்கைச் சுருக்கினார். “ஏண்டா, வர்ற வழியில தர்பூசணி சாப்பிட்டியா? சட்டையெல்லாம் சிந்தியிருக்கு போல.”

கோபம் வந்தது. பிறகு படித்துப் பார்த்தால் அத்தையின் மூக்குதான் சரி. கடல் வாசனை என்று விற்பதில் பெரும்பாலானவற்றுக்கு அடிப்படை கேலோன் என்னும் செயற்கை மூலக்கூறு. 1966இல் ஃபைசர் நிறுவன வேதியியலாளர்கள் அதைக் கண்டுபிடித்தார்கள். அதற்குத் தர்பூசணிக் கீட்டோன் என்றே ஒரு செல்லப்பெயர் உண்டு. கொஞ்சமாகச் சேர்த்தால் ஈரக் காற்று, அளவு கூடினால் பழக்கடை. 1988இல் வந்த அராமிஸ் நியூ வெஸ்ட் அதைத் துணிந்து அள்ளிச் சேர்த்தது. 1992இல் இஸ்ஸே மியாகேயின் லோ திஸ்ஸே, 1996இல் அர்மானியின் அக்வா தி ஜியோ என்று பிறகு வரிசையாக வந்தன.

அதே 1988இல் வந்த டேவிடாஃப் கூல் வாட்டரின் குளிர்ச்சிக்குப் பின்னால் இருப்பது டைஹைட்ரோமிர்செனால் என்ற வேறொரு பொருள். சோப்புக்கும் துணி துவைக்கும் பவுடருக்கும் வாசனை ஏற்ற நெடுங்காலமாகப் பயன்படுவதும் அதுதான். மலிவான நீலப் பாட்டில் ஒன்றை அடித்துக்கொண்டால் அப்போதுதான் சலவையிலிருந்து வந்த சட்டை மாதிரி இருப்பதற்குக் காரணம் இது. எனக்கு அதில் புகார் இல்லை. சலவை வாசனையும் நல்ல வாசனைதான். அதற்குக் கொடுத்த விலைதான் உறுத்துகிறது.

உண்மையான கடலின் வாடையில் பெரும்பங்கு டைமெத்தில் சல்ஃபைடு என்ற கந்தகச் சேர்மத்தால் வருவது. கண்ணுக்குத் தெரியாத பாசிகளிலிருந்து அது எழுகிறது. மெரினாவை உள்ளபடியே பாட்டிலில் அடைத்தால் அதோடு மீனும் ஈர மணலும் சுண்டல் தாளிப்பும் சேர்ந்து வரும். யார் வாங்குவார்கள்?

அட்டைத்துண்டை நம்பாதே என்பதை எனக்குக் கற்றுத் தந்தது தேவராஜ மார்க்கெட். குங்குமமும் வண்ணப்பொடிகளும் கூம்பு கூம்பாகக் குவித்திருக்கும் வரிசையிலேயே அத்தர், எண்ணெய்க் கடைகளும் இருக்கின்றன. அங்கே ஒரு பெரியவர் கண்ணாடிக் குச்சியால் மணிக்கட்டில் ஒரு கோடு இழுத்துவிட்டு, பணத்தை வாங்காமல், “வாழைக்காய் மண்டி வரைக்கும் போய்ட்டு வாங்கண்ணா, அப்புறம் பேசலாம்” என்றார். போய்விட்டு வந்தேன். வெயிலும் வியர்வையும் பட்ட அரை மணி நேரத்தில் மேலே இருந்த எலுமிச்சை பறந்துபோய், அடியில் மலிவான கஸ்தூரி மாதிரி ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. வாங்கவில்லை. அவரும் வருந்தவில்லை.

அன்றிலிருந்து ஒரே சோதனைதான். தோலில் அடித்துக்கொண்டு கடையை விட்டு வெளியே வருவேன். பகல் இரண்டு மணியானால் இன்னும் நல்லது. எலுமிச்சை, ஆரஞ்சு, புதினா எல்லாம் லேசான மூலக்கூறுகள். சூட்டில் முதலில் ஆவியாவது அவைதான். கடைக்காரர் நமக்கு விற்பது முதல் பத்து நிமிடம். நாம் நாள் முழுக்கச் சுமப்பது மீதியை.

ஊரையும் கணக்கில் எடுக்க வேண்டும். மைசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 770 மீட்டர் உயரம். வெயில் இருக்கும், சென்னையின் பிசுபிசுப்பு இருக்காது. காய்ந்த தோலில் சென்ட் சீக்கிரம் மறைந்துவிடுகிறது. துளி தேங்காயெண்ணெய் தடவி அதன்மேல் அடித்தால் கொஞ்சம் நிற்கும். சென்னையிலோ புழுக்கத்தில் வாசனை நம்மைவிட்டுப் போகாமல் சுற்றிச் சுற்றி வரும். மைசூரில் நான்கு முறை அடிப்பதை அங்கே இரண்டாகக் குறைக்க வேண்டும் என்று அந்தக் கல்யாணத்துக்கு முன்பே யாராவது சொல்லியிருக்கலாம். கோடைக்கு ஓ த பர்ஃப்யூமை விட, வாசனை எண்ணெய் குறைவாக உள்ள ஓ த துவாலெட்டே மேல். மாலையில் இன்னொரு முறை அடித்துக்கொண்டால் போயிற்று.

கடல் வாசனைகளின் பெரிய குறை, அவற்றுக்குக் கால் கிடையாது. நிற்க ஒரு தரை வேண்டும், அந்தத் தரை மைசூரிலேயே இருக்கிறது. 1792இல் திப்பு சுல்தான் அரச மரம் என்று அறிவித்த சந்தனம் அது. முதல் உலகப் போரில் ஜெர்மனிக்குக் கட்டை ஏற்றுமதி நின்றபோது, நால்வடி கிருஷ்ணராஜ உடையாரும் திவான் விஸ்வேஸ்வரய்யாவும் எண்ணெயை இங்கேயே வடிக்க ஏற்பாடு செய்தார்கள். மானந்தவாடி சாலையில் அந்த ஆலை இன்னும் இருக்கிறது. சந்தன எண்ணெயின் சாண்டலால் கனமானது, மெல்ல மெல்லத்தான் ஆவியாகும். மணிக்கட்டில் ஒரு பொட்டுச் சந்தனம் வைத்து, மேலே கடல் வாசனை ஒரே ஒரு முறை. மதியச் சாப்பாட்டுக்குள் காணாமல் போவது சாயங்காலம் வரை நிற்கிறது.

ஆனால் நல்ல சந்தன எண்ணெய் கிலோ லட்சக்கணக்கில் போகும் பொருள். பத்து மில்லி நூறு ரூபாய்க்குக் கிடைத்தால் அதில் சந்தனம் பெயரளவில்தான். கன்னோஜ் மண் அத்தரும் அப்படியே. காய்ந்த களிமண்ணை நீராவியில் வடித்துச் சந்தன எண்ணெயில் பிடிப்பதுதான் பழைய முறை. விலை ஏறியதும் பலர் பாரஃபினுக்கு மாறிவிட்டார்கள். கேட்டு வாங்குங்கள். முதல் மழை மண்வாசனை பிடித்தவர்களுக்கு நீலப் பாட்டில்களே தேவைப்படாது. கன்னடத்தில் லாவஞ்ச என்று கேட்டால் கிடைக்கும் வெட்டிவேர் எண்ணெயும் அப்படித்தான். செம்புக் கொப்பரையில் வடித்தது பச்சையாக இருக்கும், பயப்பட வேண்டாம்.

ஒரு பயம் மட்டும் நியாயமானது. எலுமிச்சை, பெர்கமாட் எண்ணெய்களை அப்படியே கழுத்தில் தடவிக்கொண்டு வெயிலில் போகக் கூடாது. பழத்தோலை அழுத்திப் பிழிந்து எடுத்த எண்ணெயில் உள்ள ஃபுரானோகூமரின்கள் வெயில் பட்டால் தோலைப் புண்ணாக்கி, கறுப்புத் தழும்பு விட்டுப் போகும். சட்டையில் அடிப்பதே உத்தமம், அதுவும் வெள்ளைப் பட்டில் வேண்டாம். காருக்குள் பாட்டிலை விடுவதும் தப்பு. சாமுண்டி மலையில் வண்டியை நிறுத்தி, தரிசன வரிசையில் இரண்டு மணி நேரம் நின்று திரும்பினேன். அன்றும் அதை ஒட்டி நாலைந்து நாளும் வண்டியிலேயே கிடந்த பாட்டிலில் எலுமிச்சை போய் ஏதோ வார்னிஷ் வந்திருந்தது. இப்போது அது துணி அலமாரியின் கீழ்த்தட்டில், இருட்டில் இருக்கிறது.

போன தையில் இன்னொரு கல்யாணம், அதே அத்தை. சந்தனம் ஒரு பொட்டு, கடல் ஒரு முறை. பக்கத்தில் உட்கார்ந்து பந்தி முடியும்வரை எதுவும் சொல்லவில்லை. கை கழுவிவிட்டு வந்து கேட்டார்: “என்னடா, மைசூர் சாண்டல் சோப்பா? எனக்கும் ரெண்டு வாங்கிட்டு வா.”