ஆசிட் ஹவுஸ் பம்பாயில் பிறந்ததா?

கேள்வி: 'ஆசிட் ஹவுஸ்' என்ற நடன இசையை அமெரிக்கர்களுக்கு முன்பே, 1982-லேயே பம்பாய்க் கலைஞர் சரண்ஜித் சிங் கண்டுபிடித்துவிட்டார் என்கிறார்களே, உண்மையா? உண்மையென்றால் அந்த ஆல்பத்தை அன்றைக்கு ஏன் யாரும் சீண்டவில்லை?

பதில்: அந்த ஆல்பம் ஆசிட் ஹவுஸைப் போலவே ஒலிக்கிறது என்பது உண்மை. ஆசிட் ஹவுஸ் அதிலிருந்து பிறந்தது என்பது உண்மையல்ல. இரண்டையும் ஒன்றாகக் குழப்பியதில் நஷ்டம் சரண்ஜித் சிங்குக்குத்தான் என்பது என் கட்சி. அவர் இந்தித் திரையிசைக் கூடங்களில் கிட்டார், பேஸ், கீபோர்டு என்று எதைக் கொடுத்தாலும் வாசித்த செஷன் கலைஞர். ஆர்.டி.பர்மன் இசையில் 1971-ல் வந்த 'தம் மாரோ தம்' பாட்டில் டிரான்சிகார்டு என்ற மின்னணு அக்கார்டியனை வாசித்தவர். வெளிநாட்டிலிருந்து புதிய கருவிகளை வரவழைத்து வாசிப்பதில் தீராத ஆர்வம் கொண்டவர். ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் செய்த மூன்று கருவிகளை அவை வெளிவந்த சூட்டோடு சிங்கப்பூரில் வாங்கினார்: ஜூபிட்டர்-8 என்ற சிந்தசைசர், டிஆர்-808 என்ற டிரம் மெஷின், டிபி-303 என்ற பேஸ் மெஷின். இவற்றை இணைத்து ஓடவிட்டு, மேலே பத்து இந்துஸ்தானி ராகங்களை வாசித்து, 1982-ல் எச்.எம்.வி. வழியாக வெளியிட்ட இசைத்தட்டுதான் 'சிந்தசைசிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்'. மொத்தத்தையும் இரண்டே நாளில் பதிவு செய்ததாக அவரே பின்னாளில் சொன்னார்.

ஒற்றுமை எங்கிருந்து வந்தது என்பதற்கு அந்த 303-ஐக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். தனியாக உட்கார்ந்து பயிற்சி செய்யும் கிட்டார் கலைஞருக்குப் பேஸ் துணையாக இருக்கட்டும் என்றுதான் அதை ரோலண்ட் 1981-ன் இறுதியில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. பதினாறு படிகள் கொண்ட ஒரு வரிசையில் சுரங்களை ஏற்றிவிட்டால், நிறுத்தும்வரை அதையே திரும்பத் திரும்ப வாசிக்கும். ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிச் செல்ல 'ஸ்லைடு', ஒரு சுரத்தை அழுத்திச் சொல்ல 'அக்சென்ட்' என்று இரண்டு வசதிகள் உண்டு. ஒலியின் கூர்மையைக் கூட்டவும் குறைக்கவும் 'கட்ஆஃப்', 'ரெசனன்ஸ்' என்ற குமிழ்கள். பேஸ் கிட்டாருக்கு மாற்று என்று பார்த்தால் அது படுதோல்வி. அந்த ஒலியில் பேஸ் கிட்டாரின் சாயலே இல்லை. ஏறக்குறைய 10,000 கருவிகளோடு 1984-ல் உற்பத்தியையே நிறுத்திவிட்டார்கள். இப்படி ஒரு கருவியை நேர்த்தியாக அடிக்கும் டிரம் மெஷினோடு இணைத்தால், ஊர் எதுவானாலும் விளைவு ஒரே குடும்பச் சாயலோடுதான் இருக்கும். நெளிந்து வழுக்கும் அந்தப் பேஸ் ஒலி, கருவியின் சொத்து. அதைப் பம்பாய்க்கும் எழுதிவைக்க முடியாது, ஆசிட் ஹவுஸ் பிறந்த சிகாகோவுக்கும் எழுதிவைக்க முடியாது.

கருவி பொது என்றால் சரண்ஜித் சிங்கின் பங்குதான் என்ன? இதற்குப் பதில் ராகத்தின் அமைப்பில் இருக்கிறது. மேற்கத்தியப் பாட்டு பெரும்பாலும் கார்டு மாற்றத்தில் நகர்கிறது. ராகத்துக்கு அது தேவையில்லை. ஆதார சுருதி அசையாமல் நிற்க, ராகம் அதன்மேல் விரிகிறது. ஒரே வரிசையைச் சலிக்காமல் திருப்பும் 303 இந்த ஏற்பாட்டுக்கு அளவெடுத்ததுபோல் பொருந்தியது. ராகத்தின் சுரங்களையே அதில் ஏற்றியதால், பேஸே தம்பூராவின் வேலையில் பாதியை எடுத்துக்கொண்டது. அவர் எடுத்தாண்டவற்றில் பலவற்றின் சுரங்கள் நமக்கும் பழக்கமானவை: மால்கௌன்ஸ் என்பது நம் ஹிந்தோளம், பூபாலி மோகனம், கலாவதி வலஜி, பைராகி ரேவதி. கீபோர்டில் ராகமா என்று முகம் சுளிப்பவர்களின் ஆட்சேபத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. சுரத்துக்கும் சுரத்துக்கும் இடையே வழுக்க முடியாது என்பதால்தான் ஹார்மோனியத்தை அகில இந்திய வானொலி 1940-லிருந்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் விலக்கி வைத்திருந்தது. ஆனால் சிந்தசைசர் ஹார்மோனியம் அல்ல. சுரங்களுக்கிடையே சறுக்கிச் செல்ல அதில் வழியுண்டு. இந்துஸ்தானியில் மீண்ட் என்றும் நம்மிடம் ஜாரு என்றும் வழங்கும் அசைவை அது முழுதாகத் தந்துவிடாது. அந்தத் திசையில் கொஞ்ச தூரம் போகும். அந்தக் கொஞ்ச தூரத்தை முழுக்கப் பயன்படுத்தியவர் சரண்ஜித் சிங். ஏறக்குறைய ஐந்தே நிமிடத்தில் ஒரு ராகத்தின் முகத்தைத் தெளிவாகக் காட்டுவது சாதாரண வேலையல்ல. லலித் போன்ற சிக்கலான ராகத்தை, அசையாத நாலுகால் தாளத்தின் மேல் அவர் நிறுத்தியிருப்பதைக் கேட்டால் பல ஆண்டு உழைப்பு தெரியும்.

சிகாகோவில் நடந்தது வேறு. அங்கே டிஸ்கோவின் மிச்சத்திலிருந்து ஹவுஸ் இசை ஏற்கெனவே வளர்ந்திருந்தது. ஜெஸ்ஸி சாண்டர்ஸின் 'ஆன் அண்ட் ஆன்' என்ற ஹவுஸ் இசைத்தட்டு 1984-ல் வந்துவிட்டது. உற்பத்தி நின்றுபோன 303 பழைய பொருள் கடைகளில் மலிவாகக் கிடைத்தது. அப்படிக் கைக்கு வந்த ஒன்றை வைத்துக்கொண்டு, டிஜே பியர் உள்ளிட்ட மூன்று இளைஞர்களின் 'ஃப்யூச்சர்' குழு, வாசித்துக்கொண்டிருக்கும்போதே அதன் குமிழ்களை முறுக்கத் தொடங்கியது. சுரங்கள் மாறவில்லை, ஒலியின் நிறம் மாறிக்கொண்டே போனது. அந்த மாற்றமேதான் இசை. மியூசிக் பாக்ஸ் கிளப்பில் டிஜே ரான் ஹார்டி அதன் பதிவை ஒரே இரவில் பலமுறை ஒலிக்கவிட்டார். முதலில் விலகி நின்ற கூட்டம் கடைசியில் ஆடித் தீர்த்தது என்று வரலாறு சொல்கிறது. 1987-ல் 'ஆசிட் டிராக்ஸ்' என்ற பெயரில் இசைத்தட்டாக வந்தபோது அதன் நீளம் 11 நிமிடத்துக்கு மேல். மறு ஆண்டே லண்டன் கிளப்புகளைப் பிடித்துக்கொண்டது. சரண்ஜித் சிங்கின் ஆல்பத்தில் மனம் மெட்டைத் தொடர்கிறது. 'ஆசிட் டிராக்ஸி'ல் தொடர்வதற்கு மெட்டே கிடையாது. பம்பாய்க்காரருக்கு 303 சுரம் சொல்லும் கருவி, சிகாகோ இளைஞர்களுக்கு அது நிறம் மாற்றும் கருவி. இவ்வளவு பெரிய வித்தியாசத்தைக் காது மறந்துவிடுவதற்கு ஒலியின் ஒற்றுமை காரணமாகிவிடக் கூடாது.

ஐந்து ஆண்டு முன்பே இசைத்தட்டு இருக்கிறதே, தேதி பொய் சொல்லுமா என்று கேட்கலாம். தேதி பொய் சொல்லாது; ஆனால் முந்தியது எல்லாம் மூலமாகிவிடாது. ஒன்றிலிருந்து இன்னொன்று பிறந்தது என்றால் கை மாறிய தடம் வேண்டும். ஃப்யூச்சர் குழுவோ ரான் ஹார்டியோ இந்த இசைத்தட்டைக் கேட்டதற்கு எந்த ஆதாரமும் இல்லை. தேதிதான் கணக்கு என்றால் 303-ஐ 1982-ல் பிரிட்டனின் ஹெவன் 17 இசைக்குழுவும் பயன்படுத்தியிருக்கிறது. அவர்களை யாரும் ஆசிட் ஹவுஸின் தந்தை என்பதில்லை. இன்னொரு ஆட்சேபம் இதைவிடக் கனமானது: மேற்கத்தியர் ஒருவர் செய்திருந்தால் இப்படித் தடம் கேட்பீர்களா, இந்தியர் என்பதால்தானே மறுக்கிறீர்கள்? நியாயமான கோபம்தான். ஆனால் எதிர்ப்பக்கம் நிற்பவர்கள் யார் என்று பார்க்க வேண்டும். சிகாகோ ஹவுஸை உருவாக்கியவர்கள் பெரும்பாலும் கறுப்பின இளைஞர்கள். அதை முதலில் ஆடி வளர்த்தவர்களில் சமூகம் ஒதுக்கிவைத்த ஓரினக் காதலர்கள் ஏராளம். புகழின் பெரும் பங்கைப் பிரிட்டன் அள்ளிக்கொண்டு போனது. எஞ்சிய உரிமையையும் அவர்களிடமிருந்து பிடுங்கிப் பம்பாயிடம் கொடுத்தால், ஓர் அநீதிக்குப் பரிகாரமாக இன்னோர் அநீதியைச் செய்தவர்களாவோம்.

அன்றைக்கு ஏன் கவனிக்கவில்லை என்ற இரண்டாவது கேள்விக்கு வருவோம். டிஸ்கோவுக்கு இந்தியாவில் அப்போது பஞ்சமே இல்லை. 1980-ல் 'குர்பானி', 1981-ல் நாஜியா ஹசனின் 'டிஸ்கோ தீவானே', 1982 டிசம்பரில் 'டிஸ்கோ டான்ஸர்' என்று அலை அடித்துக்கொண்டிருந்தது. ஆனால் அவற்றை விற்றுக் கொடுத்தது பாடகரின் குரலும் திரையில் தெரிந்த முகமும். சரண்ஜித் சிங்கின் ஆல்பத்தில் பாட்டு இல்லை, படம் இல்லை, நாயகன் இல்லை. சாஸ்திரிய ரசிகர்கள் அதை டிஸ்கோ என்று ஒதுக்க, டிஸ்கோ ரசிகர்களுக்கு அது ராகமாகப் பட்டிருக்கும். திரையிசையைச் சுற்றியே இயங்கிய சந்தையில் இப்படி ஒரு தட்டை எந்த அலமாரியில் வைப்பது என்று கடைக்காரருக்குத் தெரியாமல் போனதில் வியப்பில்லை. நெதர்லாந்தைச் சேர்ந்த எடோ பௌமன் 2002-ல் டெல்லியில் ஒரு பிரதியைக் கண்டெடுத்து, 2010-ல் தன் 'பாம்பே கனெக்‌ஷன்' நிறுவனத்தின் மூலம் மறுவெளியீடு செய்தபோதுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. 1982-ல் இப்படி ஒலித்திருக்கவே முடியாது, யாரோ இன்றைய கலைஞர் செய்த குறும்பு இது என்று சிலர் சந்தேகப்பட்டார்கள். எழுபது வயதை எட்டிய அந்த மனிதர் உயிரோடு பம்பாயிலேயே இருந்தார். ஐரோப்பிய மேடைகளில் அதே ராகங்களை அதே வகைக் கருவிகளில் வாசித்தும் காட்டினார். 2015-ல் காலமானார்.

மறுவெளியீட்டை விமர்சித்தவர்கள் 'ஆசிட் ஹவுஸுக்கு முந்திய ஆசிட் ஹவுஸ்' என்று கொண்டாடியது அவருக்குப் புதிய ரசிகர்களைத் தந்தது; அந்த நன்மையை மறுப்பதற்கில்லை. ஆனால் சரண்ஜித் சிங் தன் வம்சாவளியை அட்டையிலேயே எழுதிவிட்டார்: பத்து ராகங்கள், டிஸ்கோ தாளம். ஜார்ஜியோ மொரோடர் 1977-ல் டோனா சம்மரின் 'ஐ ஃபீல் லவ்' பாட்டில் ஏறக்குறைய முழுக்க இயந்திரத்தை ஓடவிட்டுக் காட்டிய டிஸ்கோவைத்தான் இந்த ஆல்பத்துக்கு ஒரு பக்கத்து முன்னோராகச் சொல்ல வேண்டும். மறுபக்கத்து முன்னோர் இந்துஸ்தானி மேடையில் இருக்கிறார்கள். இந்த ஆல்பத்தை மதிப்பிட வேண்டியவர்கள் மால்கௌன்ஸும் தோடியும் தெரிந்த காதுக்காரர்கள். ஆனால் 2010-க்குப் பிறகு எழுதப்பட்டதில் பெரும்பகுதியை எழுதியவர்கள் 303 தெரிந்தவர்கள். ராகம் தெரிந்தவர்களின் மதிப்புரை இன்னும் போதுமான அளவுக்கு வரவில்லை.