தண்ணீரில் நிதானம், கத்தரியில் துணிச்சல்

பேத்தமங்களாவிலும் கோலார் தங்கவயலிலும் புதிதாக ரோஜா வைக்கும் பிள்ளைகளே, நர்சரியில் பூத்துக் குலுங்கிய செடி வீட்டுக்கு வந்து சில மாதங்களில் வெறும் குச்சியாகிவிட்டது என்று பலரும் வருத்தப்படுகிறீர்கள். பெரும்பாலும் காரணம் இரண்டுதான். தண்ணீரை அளவுக்கு மீறி ஊற்றுகிறோம். கிளையை வெட்டப் பயப்படுகிறோம்.

1. முதல் செடி பன்னீர் ரோஜாவாக இருக்கட்டும். பென்சில் கனமுள்ள குச்சியை நட்டாலே வேர் விடும், வாசனையும் உண்டு. கை பழகிய பிறகு ஒட்டுச்செடிக்குப் போங்கள். குளிர்நாட்டுக்கென்று உருவான வகைகள் நம் வெயிலில் திணறும். கொடைக்கானலில் எம். எஸ். வீரராகவன், கிரிஜா தம்பதி இதற்காகவே நம் நாட்டுக் காட்டு ரோஜாக்களைக் கலந்து, வெப்பம் தாங்கும் புது வகைகளை உருவாக்கினார்கள். வாங்குமுன் வெயில் தாங்குமா என்று கேளுங்கள்.

2. ஆறு மணி நேரமாவது நேர்வெயில் படும் இடம் வேண்டும். காலை வெயில் மிக நல்லது. இலையின் பனி சீக்கிரம் காயும். மரத்தடியில் வைத்தால் இலைதான் மிஞ்சும்.

3. குழி ஒன்றரை அடி நீளம், அகலம், ஆழம். தோண்டிய செம்மண்ணோடு மக்கிய சாணி எருவும், ஏரி வண்டலும், ஒரு பிடி வேப்பம் புண்ணாக்கும் கலந்து நிரப்புங்கள். தங்கவயல் பக்கத்தில் இருப்பவர்களே, சயனைடு மேட்டு மண்ணை எந்தக் காரணத்துக்காகவும் தோட்டத்துக்குக் கொண்டுவராதீர்கள். தங்கச் சுரங்கத்தை 2001இல் மூடிவிட்டார்கள். தாது அரைத்த கழிவும் அதன் ரசாயன மிச்சமும் அந்த மேட்டில் இன்னும் இருக்கின்றன.

4. ஜூன், ஜூலையில் மழை பிடித்ததும் நடுங்கள். பையைக் கிழித்து, வேர்மண் உடையாமல் இறக்குங்கள். ஒட்டு முடிச்சு மண்ணுக்கு மேலே இரண்டு விரல் உயரத்தில் நிற்க வேண்டும்.

5. விரலை மண்ணில் விட்டுப் பாருங்கள். இரண்டு அங்குல ஆழத்தில் ஈரம் இருந்தால் அன்று தண்ணீர் வேண்டாம். ஊற்றும் நாளில் காலையில், வேரடியில், நிறைய ஊற்றுங்கள். தினமும் கொஞ்சம் தெளித்தால் வேர் மேலேயே நின்றுவிடும். மண் சொதசொதவென்று இருந்தால் வேர் அழுகும்.

6. போர் தண்ணீர் உப்பாக இருந்தால் மண்மேல் வெள்ளை படியும். இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். செடிக்கு இரும்புச்சத்து கிடைக்கவில்லை என்பதற்கு அதுதான் அடையாளம். கூரையில் விழும் மழைநீரைப் பிடித்து வையுங்கள், எருவைக் கூட்டுங்கள்.

7. வருஷத்துக்கு ஒருமுறை கவாத்து கட்டாயம். நமக்குப் பெருமழை செப்டம்பர், அக்டோபரில். அது ஓய்ந்து நவம்பர் முதல் வாரம் வெட்டினால், ஏறக்குறைய நாற்பத்தைந்து நாளில், கிறிஸ்துமஸ் சமயத்தில் பூ வரும். காய்ந்தது, நோயுற்றது, உள்பக்கம் உரசுவது எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, நல்ல கிளைகளைப் பாதி உயரத்துக்குக் குறையுங்கள். வெளிப்பக்கம் பார்க்கும் மொட்டுக்குக் கால் அங்குலம் மேலே, சாய்வாக வெட்டுங்கள். புதுத் துளிரில்தான் பூ வரும். வெட்டாத செடி துளிர்க்க யோசிக்கும்.

8. வாடிய பூவை உடனே, ஐந்து இலையுள்ள காம்புக்கு மேலே நறுக்குங்கள். ஒட்டுக்குக் கீழிருந்து வரும் துளிர் காட்டுச்செடியுடையது. தயவு பார்க்காமல் அடியோடு பிய்த்தெறியுங்கள். விட்டால் ஒட்டையே விழுங்கிவிடும்.

9. மாதம் ஒருமுறை, ஊறவைத்த கடலைப் புண்ணாக்குக் கரைசலைப் பத்து பங்கு தண்ணீர் சேர்த்து ஊற்றுங்கள். நட்ட முதல் மாதம் எந்த உரமும் வேண்டாம்.

10. இலையில் கரும்புள்ளி வந்தால் உதிர்ந்ததையும் பொறுக்கி எரியுங்கள். அசுவினிக்கு, ஒரு லிட்டர் தண்ணீரில் ஐந்து மில்லி வேப்பெண்ணெயும் துளி சோப்பும் கலந்து மாலையில் தெளியுங்கள். கிளை நுனியிலிருந்து கருகி இறங்கினால், பச்சைத் தண்டு தெரியும் வரை வெட்டி, வெட்டுவாயில் காப்பர் ஆக்ஸிகுளோரைடு பசை பூசுங்கள்.

கவாத்தில் விழும் பன்னீர் ரோஜாக் குச்சிகளைக் குப்பையில் போடாதீர்கள். நான்கை நட்டு வேர் விடவைத்து, இரண்டைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுங்கள். உங்கள் செடி ஒரு கோடையில் போனாலும், அதன் குச்சியைத் திரும்பக் கேட்க ஒரு வாசல் இருக்கும்.