ஓசனிச்சிட்டு தரும் வியாபாரப் பாடம்

விற்பனை படுத்த மாதங்களில் ஒரு சிறு வியாபாரத்தை எவ்வாறு காப்பாற்றுவது? இதைச் சிந்திக்க இம்முறை ஒரு பறவையின் வாழ்க்கையை எடுத்துக்கொள்வோம். ஓசனிச்சிட்டு அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே வாழ்வது. நமது வளவில் வாழைப்பூவுக்கு வரும் தேன்சிட்டு அதற்கு இனமல்ல. இரண்டும் தேன் குடிக்கின்றன, அவ்வளவுதான்.

ஓசனிச்சிட்டுகளில் பல 3 முதல் 6 கிராம் நிறையே உள்ளவை. பறக்கும்போது இதயம் நிமிடத்துக்கு 1,000 தடவைக்கு மேலும் துடிக்கும். செலவு பெரிது, கையிருப்போ சிறிது. பகல் முழுவதும் அடிக்கடி பூத் தேடாவிட்டால் தாக்குப்பிடிக்காது. அன்றாடம் உழைத்து அன்றாடம் சீவிக்கும் குடும்பத்தின் நிலைதான்.

இரவில் தேன் கிடையாது. குளிர் கூடிய இரவுகளில் பறவை தன் செலவைக் குறைத்துக்கொள்கிறது. சாதாரணமாக 40 பாகை செல்சியஸ் அளவிலுள்ள உடல் வெப்பத்தைத் தணியவிட்டு, மரத்துப்போய் ஒடுங்கிவிடும். பேரு நாட்டின் அந்தீஸ் மலையில் ஒரு பறவையின் வெப்பம் 3.3 பாகை வரை இறங்கியதை ஆய்வாளர் 2020 இல் வெளியிட்டனர். கண்டால் செத்த பறவை என்றே நினைப்போம்.

நாம் கவனிக்க வேண்டியது அது விழிக்கும் விதத்தை. உடலைத் திரும்பச் சூடாக்கத் தசைகளை நடுங்கச் செய்கிறது. அதற்குக் கொழுப்பு எரியவேண்டும். அதை மீதம் வைக்காமல் ஒடுங்கிய பறவைக்கு எழும்ப வழியில்லை.

இடம்பெயர்ந்த இடத்தில் மரக்கறி வியாபாரம் செய்யும் பல குடும்பங்கள் தடுமாறுவதும் இங்கேதான். மாரியில் விற்பனை படுத்ததும், சிலர் வாரக் கடன் எடுத்து முன்போலவே சரக்கு இறக்குகிறார்கள். சரக்கு அழுகும், வட்டி அழுகாது. வேறு சிலர் கைமுதலைச் சாப்பாட்டுக்குச் செலவழித்துவிட்டுக் கடையைப் பூட்டுகிறார்கள். தை பிறந்து சந்தை கூடும்போது ஒரு மூடை கத்தரிக்காய் எடுக்கவும் காசிராது. கடையைச் சுருக்கலாமே! சந்தை நாளில் மட்டும் திறக்கலாம். வெங்காயம், செத்தல் மிளகாய், தேங்காய் என்று கிடந்தாலும் கெடாத பொருளை மட்டும் வைக்கலாம். திரும்பத் தொடங்க வேண்டிய தொகையைத் தனியே முடிந்து வைக்க வேண்டும்.

பசி வந்தால் அந்த முடிச்சு அவிழ்ந்துவிடும் என்பீர்கள். உண்மை. ஆனபடியால்தான் முடிச்சைத் தனி ஆளாக வைத்திராமல் சங்கத்தின் சேமிப்பில் போடும்படி சொல்கிறோம்.

இன்னொன்று. அடைகாக்கும் தாய்ப்பறவை பொதுவாக இவ்வாறு ஒடுங்குவதில்லை. அது குளிர்ந்தால் முட்டையும் குளிரும். கையிருப்பு மிகவும் குறைந்துபோனால் மட்டுமே ஒடுங்கும். எதைச் சுருக்குவது என்பதைக் குடும்பமாக இருந்து பேசும்போது பிள்ளைகளின் சாப்பாட்டையும் பள்ளிக்கூடத்தையும் கடைசியிலேயே தொடவேண்டும். வெற்றிலை, பீடி, தொலைபேசிச் செலவு முதலில் வரட்டும்.

அடுத்த சங்கக் கூட்டத்துக்கு முன் ஒரு கணக்குப் பார்த்து வாருங்கள். கடை ஒரு மாதம் பூட்டிக் கிடந்தால், திறக்கும் முதல் நாள் சரக்குக்கும் பஸ் கூலிக்கும் தராசு திருத்தவும் எவ்வளவு வேண்டும்? கொப்பியில் எழுதிக் கொண்டுவாருங்கள். சிலருக்கு அது நினைத்ததிலும் சிறிய தொகையாக இருக்கும்.