எல்லோரும் புழங்கும் மென்பொருளை யார் பராமரிப்பது?

கணினித் துறையில் இப்போது எதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று கல்லூரிக்குப் போகும் நம் பிள்ளைகளைக் கேட்டால், பத்தில் ஒன்பது பேர் செயற்கை நுண்ணறிவு என்பார்கள். உண்மைதான். ஆனால் அதே துறையில் பல வருடங்களாக முடிவுக்கு வராத இன்னொரு வழக்கும் நடந்துகொண்டிருக்கிறது. உலகமே இலவசமாகப் பயன்படுத்தும் மென்பொருளைப் பராமரிக்கிற வேலையையும் செலவையும் யார் ஏற்பது என்பதுதான் அது. நம் கையில் இருக்கும் ஃபோன் வரைக்கும் வந்து தொடுகிற விஷயம் என்பதால் இந்த இதழில் அதைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

மென்பொருள் என்பது கணினிக்கு நாம் எழுதித் தரும் கட்டளைகளின் தொகுப்பு. மனிதர் படிக்கக்கூடிய வடிவில் இருக்கும் அந்தக் கட்டளைகளுக்கு மூலநிரல் என்று பெயர். வணிக நிறுவனங்கள் பெரும்பாலும் அதைப் பூட்டி வைத்துக்கொள்ளும். 1983ல் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர், மூலநிரலை யாரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம் என்ற முறையில் மென்பொருள் எழுதும் இயக்கத்தைத் தொடங்கினார். 1991ல் ஃபின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற கல்லூரி மாணவர் லினக்ஸை வெளியிட்டார். இந்த வகை மென்பொருளைத்தான் இன்று ஓப்பன் சோர்ஸ், அதாவது திறந்த மூல மென்பொருள் என்கிறார்கள். நம்மில் பலர் வைத்திருக்கும் ஆண்ட்ராய்டு ஃபோனின் அடித்தளமே லினக்ஸ்தான்.

லினக்ஸைக் குறித்துப் பெரிய கவலை இல்லை. அதற்குப் பல நிறுவனங்கள் சம்பளம் கொடுத்து ஆள் வைத்திருக்கின்றன. சிக்கல், யார் கண்ணிலும் படாமல் அடியில் கிடக்கும் சின்னச் சின்ன மென்பொருள்களில்தான்.

வங்கியின் இணையதளத்தைத் திறந்தால் சில உலாவிகளில் முகவரிக்குப் பக்கத்தில் ஒரு சிறிய பூட்டுப் படம் தெரியும். நாம் அனுப்புவதை நடுவில் யாரும் படிக்க முடியாதபடி மறைத்து அனுப்புகிறோம் என்பதற்கான அடையாளம் அது. உலகின் ஏராளமான சர்வர்களில் இந்த வேலையைச் செய்வது ஓப்பன் எஸ்எஸ்எல் என்ற திறந்த மூல மென்பொருள். 2014 ஏப்ரலில் அதில் ஒரு பெரிய ஓட்டை இருப்பது வெளியே தெரிந்தது. ஹார்ட்பிளீட் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். சர்வரின் நினைவகத்தில் இருக்கும் கடவுச்சொல் போன்றவற்றை வெளியாள் எடுத்துவிட முடியும். அந்த ஓட்டை இரண்டு வருடங்களாக அப்படியே இருந்திருக்கிறது. இத்தனை முக்கியமான மென்பொருளைப் பார்த்துக்கொள்வது யார் என்று அப்போதுதான் எல்லோரும் விசாரித்தார்கள். முழுநேரமாக வேலை பார்த்தவர் ஒரே ஒருவர். வருடத்துக்கு வந்த நன்கொடை சுமார் 2,000 டாலர். கோடிக்கணக்கில் வியாபாரம் செய்யும் நிறுவனங்கள் எல்லாம் இதன்மேல்தான் உட்கார்ந்திருந்தன. விஷயம் அம்பலமான பிறகு கூகுள், மைக்ரோசாஃப்ட், அமேசான், ஃபேஸ்புக் போன்ற நிறுவனங்கள் லினக்ஸ் அறக்கட்டளை மூலம் பணம் போட முன்வந்தன.

பொதுக் காரியம் பார்ப்பவர்களுக்கு இது புதிதல்ல. புதுக் கட்டடத்துக்கு வசூல் என்றால் பெயர்ப்பலகையில் இடம் இருக்காது. ஹவுளுக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் பழுது என்று கேட்டால் கை நீள்வது குறைவு. கணினி உலகத்திலும் அதே கதைதான்.

2016 மார்ச்சில் இன்னொரு சம்பவம். ஒரு பெயர்த் தகராறில் கோபமடைந்த நிரலாளர் ஒருவர், பொதுக் களஞ்சியத்தில் தான் போட்டிருந்த எல்லாவற்றையும் திரும்ப எடுத்துக்கொண்டார். அவற்றில் லெஃப்ட் பேட் என்று பதினொரே வரிகள் கொண்ட ஒரு துண்டும் இருந்தது. அதை நம்பியிருந்த எத்தனையோ நிறுவனங்களின் வேலை சில மணி நேரம் அப்படியே நின்றுபோனது. 2021 டிசம்பரில் லாக்ஃபோர்ஜே என்ற மென்பொருளில் ஓட்டை வெளிவந்தபோது உலகம் முழுவதும் கணினிப் பாதுகாப்புத் துறையினர் தூக்கமில்லாமல் கிடந்தார்கள். அதையும் பராமரித்தவர்கள் தன்னார்வலர்கள்தான். ஒழிந்த நேரத்தில் செய்துவந்த வேலைக்காகத் திட்டும் வாங்கினார்கள்.

இவற்றையெல்லாம் விட 2024ல் நடந்ததுதான் பலரை உலுக்கியது. எக்ஸ்இசட் என்பது கோப்புகளைச் சுருக்கி வைக்கும் ஒரு சிறு மென்பொருள். லினக்ஸ் இயங்கும் கணினிகளில் சாதாரணமாக இருக்கும். ஃபின்லாந்தைச் சேர்ந்த லாஸ்ஸே கொல்லின் அதைச் சம்பளமில்லாமல் பல வருடங்களாகத் தனியாளாகப் பார்த்துவந்தார். 2021ல் ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் வந்து சேர்ந்தார். நல்ல திருத்தங்களை அனுப்பினார், பொறுமையாகப் பேசினார். 2022ல் வேறு சில பெயர்களில் இருந்து புகார்கள் வரத் தொடங்கின. வேலை தாமதமாகிறது, வேறு ஆளைச் சேருங்கள் என்று நெருக்கினார்கள். தனக்கு நீண்ட நாளாக மனநலப் பிரச்சினை இருக்கிறது, இது பணம் வாங்காமல் பொழுதுபோக்காகச் செய்யும் வேலை என்று கொல்லின் பொதுவிலேயே பதில் எழுதினார். நெருக்கியவர்கள் விடவில்லை. இந்தப் பெயர்கள் அந்தச் சில மாதங்களுக்கு வெளியே எங்கும் தென்படாததால், எல்லாம் ஒரே கூட்டத்தின் நாடகம் என்றே பின்னால் ஆராய்ந்தவர்கள் கருதுகிறார்கள். படிப்படியாகப் புதிய பதிப்பை வெளியிடும் அதிகாரமே ஜியா டான் கைக்குப் போனது.

2024 பிப்ரவரியில் வந்த பதிப்பில் யாருக்கும் தெரியாமல் ஒரு கொல்லைப்புற வாசல் வைக்கப்பட்டிருந்தது. குறிப்பிட்ட சாவி வைத்திருப்பவர், தொலைவில் உட்கார்ந்தபடியே அந்தக் கணினியை இயக்கலாம். அதைக் கண்டுபிடித்தது எந்தப் பாதுகாப்பு நிறுவனமும் அல்ல. ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற மைக்ரோசாஃப்ட் ஊழியர் வேறு ஏதோ சோதனை செய்துகொண்டிருந்தபோது, கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை வினாடி கூடுதலாக ஆவதைக் கவனித்தார். அரை வினாடிதானே என்று விடாமல் ஏன் என்று தோண்டிப் பார்த்தார். மார்ச் 29 அன்று உலகத்துக்கு அறிவித்தார். அதற்குள் அந்தப் பதிப்பு பெரும்பாலும் சில லினக்ஸ் வகைகளின் சோதனை வெளியீடுகளில்தான் நுழைந்திருந்தது. இன்னும் சில மாதங்கள் கழிந்திருந்தால் நிலைமை வேறு.

இங்கே உடைக்கப்பட்டது பூட்டல்ல. களைத்துப்போன ஒரு மனிதர், உதவிக்கு ஆள் கிடைத்ததே என்று சாவியைக் கொடுத்தார். அவரைக் குறை சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. அவருடைய உழைப்பில் காலம் கழித்த நிறுவனங்களில் ஒன்றாவது அவருக்குத் துணையாக ஒரு ஆளைச் சம்பளத்துக்கு வைத்திருக்கலாம்.

இனி விவாதத்துக்கு வருவோம். ஒரு சாரார், பெரிய நிறுவனங்கள் இலவசமாக எடுத்துச் சம்பாதிக்கின்றன, ஆகவே உரிமத்தை மாற்றுவோம் என்கிறார்கள். எலாஸ்டிக் நிறுவனம் 2021ல் அப்படித்தான் செய்தது. அமேசான் தங்கள் மென்பொருளைச் சேவையாக விற்கிறது என்பது அவர்களின் புகார். அமேசான் சும்மா இருக்கவில்லை. பழைய பதிப்பை எடுத்து ஓப்பன்சர்ச் என்று தனியாக நடத்தத் தொடங்கிவிட்டது. 2024ல் எலாஸ்டிக் மறுபடியும் திறந்த உரிமத்தையும் சேர்த்துக்கொண்டது. ரெடிஸ் என்ற மென்பொருளுக்கும் 2024ல் உரிமம் மாறி, மறுவருடமே திறந்த உரிமம் திரும்ப வந்தது. பூட்டுப் போடுவதால் தீராது என்பதற்கு இவை போதும். அதோடு, இப்படிச் செய்தவை நிறுவனங்கள். கொல்லினைப் போன்ற தனிமனிதருக்கு உரிமத்தை மாற்றி என்ன கிடைக்கும்?

இன்னொரு சாரார், இது பொதுச்சொத்து, சாலை போல அரசு செலவழிக்கட்டும் என்கிறார்கள். ஜெர்மனி 2022ல் இதற்கென்றே அரசு நிதி ஒன்றைத் தொடங்கியது. ஐரோப்பிய ஒன்றியம் 2024ல் இணையப் பாதுகாப்புக்கான சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. அதன் முக்கிய விதிகள் 2027 டிசம்பரில் நடைமுறைக்கு வரும். பொருளை விற்பவர்தான் அதற்குள் இருக்கும் எல்லா மென்பொருளுக்கும் பொறுப்பு, இலவசமாக எழுதிக் கொடுத்தவர் அல்ல என்பது அதன் சாரம். முதல் வரைவு வந்தபோது தன்னார்வலர்கள் மீதும் சுமை விழுமோ என்று பெரிய எதிர்ப்பு எழுந்தது. பிறகுதான் திருத்தினார்கள். எனக்கு இந்த வழி நியாயமாகப் படுகிறது. லாபம் யாருக்கோ, பொறுப்பும் அவருக்கே.

செயற்கை நுண்ணறிவு வந்ததால் சுமை கூடியிருக்கிறது. இணையத்தில் தரவை அனுப்பவும் பெறவும் உதவும் கர்ல் என்ற மென்பொருளை ஸ்வீடனைச் சேர்ந்த டேனியல் ஸ்டென்பர்க் நடத்துகிறார். செயற்கை நுண்ணறிவைக் கொண்டு எழுதிய போலி ஓட்டைப் புகார்கள் வந்து குவிகின்றன, ஒவ்வொன்றையும் படித்துப் பொய் என்று கண்டுபிடிப்பதற்குள் நேரம் போய்விடுகிறது என்று 2025ல் அவர் வெளிப்படையாகவே சொன்னார். அதே கருவி விவரம் தெரிந்தவர் கையில் உண்மையான பிழைகளைப் பிடித்துத் தந்ததையும் அவரே ஒப்புக்கொண்டார்.

கணினி படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் பெற்றோர் இதைப் பேச்சில் கொண்டுவரலாம். ஒரு திறந்த மூல மென்பொருளை எடுத்துப் பயன்படுத்தும் முன், அதைக் கடைசியாக எப்போது திருத்தினார்கள், எத்தனை பேர் பார்க்கிறார்கள், உரிமம் என்ன என்று பார்க்கும் பழக்கம் வேண்டும். உதவ நினைக்கும் மாணவர் முதல்நாளே நிரல் எழுத வேண்டியதில்லை. விளக்கக் குறிப்புகளைச் சரிசெய்யலாம், தமிழாக்கம் செய்யலாம், வந்து கிடக்கும் புகார்களைச் சோதித்துப் பார்த்து எது உண்மை என்று எழுதலாம். அங்கே ஆள் பற்றாக்குறை இந்த வேலைகளில்தான்.

மற்றவர்களுக்கு ஒன்று. ஃபோனில் அப்டேட் வந்திருக்கிறது என்று காட்டும்போது, நாளைக்குப் பார்ப்போம் என்று தள்ளிக்கொண்டே போகிறோம். யாரோ கண்டுபிடித்து, யாரோ அடைத்த ஓட்டைகள் நம் கைக்கு வருவது அந்த வழியாகத்தான். அப்டேட் வருவதே நின்றுபோன பழைய ஃபோனாக இருந்தால், அதில் வங்கி ஆப்பையும் பணம் அனுப்பும் ஆப்பையும் நீக்கிவிட்டு, பேசுவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.